சான் ஹோசே பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: மிஷன் பீக் எங்கும் ஓடிவிடாது, முதலில் ஆற்றோரம் நடங்கள்

கலிபோர்னியாவின் பே ஏரியாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆளை, முதல் சனிக்கிழமையே ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து மிஷன் பீக் என்ற மலையில் ஏற்றிவிடுவது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஃப்ரீமாண்டில் ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமிருந்து ஏறினால் போக வர ஏறக்குறைய ஆறு மைல், ஏற்றம் 2,000 அடிக்கு மேல், வழியில் நிழல் என்று பேருக்குத்தான். உச்சியில் இருக்கிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுப்பார்கள், அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு அந்த வீட்டில் ஹைக்கிங் என்ற பேச்சே எழாது. குழந்தையோடும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடும் இருப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய சமதளப் பாதைகள், சான் ஹோசே இருக்கிற சான்டா கிளாரா கவுண்டி முழுக்க இருக்கின்றன, பாதிப் பேருக்கு அது தெரிவதே இல்லை.

எந்த ஆப்பில் பார்த்தாலும் எல்லோர் கண்ணும் முதலில் மைல் கணக்கில்தான் போகும். நான் பார்க்கச் சொல்வது ஏற்றத்தையும் நிழலையும். மூன்று மைல், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சமதளமாக இருந்தால் எழுபது வயதுக்காரர் பேசிக்கொண்டே நடந்துவிடுவார். அதே மூன்று மைலில் 900 அடி ஏற்றம் என்றால் முப்பது வயதுக்காரருக்கே மூச்சு வாங்கும். நிழல் கணக்கு மாதத்தைப் பொறுத்தது. இங்கே மழைக்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, கோடையில் சொட்டு மழை கிடையாது. பிப்ரவரியில் பச்சைப்பசேலென்று இருக்கும் குன்று மே மாதம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், ஜூலையில் பகல் பதினொரு மணிக்கு அதன்மேல் நிற்பது தண்டனை. அதனால் மழைக்காலத்திலும் மார்ச், ஏப்ரலில் பூக்கும் காலத்திலும் குன்றுகள், கோடையில் ஓடையோர மரநிழல். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் நடைக்கு என்னைக் கேட்டால் லாஸ் காடோஸ் க்ரீக் ட்ரெயில்தான். அதிலும் வசோனா ஏரியிலிருந்து கேம்பெல் வரையிலான பகுதி. முழுக்கத் தார் போட்ட பாதை, ஸ்ட்ரோலர் தாராளமாக உருளும், நடுவில் கழிப்பறை உண்டு (சர்க்கரை இருக்கிற அப்பாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்). வசோனா கவுண்டி பார்க்குக்குள் காரை நிறுத்தக் கட்டணம் உண்டு, 6 டாலர் வாக்கில் வரும். அடிக்கடி போவீர்கள் என்றால் வருடப் பாஸ் லாபம். பக்கத்து ஓக் மெடோ பார்க்கில் பில்லி ஜோன்ஸ் குட்டி ரயில் ஓடுகிறது, நான்கு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் நடை அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதே பாதையில் எதிர்த்திசையில், லெக்சிங்டன் அணைக்கட்டுப் பக்கம் போகாதீர்கள், அங்கே மண்பாதை, கடைசியில் நல்ல செங்குத்து.

கேம்பெல் பக்கம் வரும்போது பாதையோரம் வரிசையாகக் குளங்கள் தெரியும். நம் ஊர் ஊருணி மாதிரிதான், ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு மண்ணுக்குள் இறங்கவைக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டமாக இருந்த காலத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சியெடுத்து, 1969-க்குள் சான் ஹோசே டவுன்டவுன் தரையே 13 அடி அளவுக்குத் தாழ்ந்துபோனது, அதற்குப் பரிகாரம்தான் இவை. இப்போது கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் வந்து நிற்கின்றன. அம்மா அங்கே நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கும், கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து எச்4 விசாவில் வந்து, லைசென்ஸ் வருவதற்காகக் காத்திருக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கவுண்டியின் பொதுப் போக்குவரத்தான விடிஏவின் லைட் ரயிலில் டவுன்டவுன் கேம்பெல் நிறுத்தத்தில் இறங்கினால் இதே பாதைக்கு நடந்தே போய்விடலாம். சான் ஹோசே டவுன்டவுனில் சில்ட்ரன்ஸ் டிஸ்கவரி மியூசியம் நிறுத்தத்தில் இறங்கினால் குவாடலூப்பே ஆற்றுப் பாதை. அது விமான நிலையத்தை ஒட்டிப் போய் வடக்கே ஆல்விசோ வரை நீள்கிறது. இலையுதிர் காலத்தில் டவுன்டவுன் பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் சால்மன் மீன் தெரியும். முழங்கால் அளவுத் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய அது கல்லோடு முட்டிக்கொண்டு ஏறுவதைக் குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டவுன்டவுன் பகுதியில் வீடற்றவர்கள் கூடாரம் போட்டிருக்கும் இடங்கள் உண்டு. அவர்கள் பாட்டுக்கு அவர்கள், உங்கள் பாட்டுக்கு நீங்கள். ஆனாலும் ஆள் நடமாட்டம் உள்ள பகல் நேரத்தில், கூட ஒருவரோடு போங்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் எந்த ஆற்றுப் பாதைக்கும் போக வேண்டாம். ரோட்டுக்கு அடியில் புகுந்து போகும் இடங்களில் தண்ணீர் ஏறியிருக்கும். கோடையில் வறண்ட வாய்க்கால் மாதிரி கிடக்கும் கயோட்டி க்ரீக்தான் 2017 பிப்ரவரியில் கரை மீறி, சுமார் 14,000 பேரை வீட்டை விட்டு வெளியேற வைத்தது. அந்த ஓடையோரமும் ஒரு நல்ல பாதை இருக்கிறது, ஹெல்யர் கவுண்டி பார்க்கிலிருந்து மார்கன் ஹில் வரை பதினைந்து மைல் அளவுக்கு, சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம். ஆனால் முடிவில் ஆண்டர்சன் ஏரியில் ததும்பும் தண்ணீரைப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், நிலநடுக்கம் வந்தால் அணை தாங்காது என்று 2020-ல் அதை வடித்துவிட்டு மராமத்து பார்க்கிறார்கள், அது நீண்ட நாள் வேலை.

கூப்பர்டினோ, சன்னிவேல்காரர்களுக்கு ராஞ்சோ சான் அன்டோனியோ. கார் நிறுத்தக் காசு கிடையாது, அதனாலேயே சனி ஞாயிறு காலை எட்டரைக்கெல்லாம் இடம் நிரம்பிவிடும். வாசலிலிருந்து ஒரு மைல் நடந்தால் டியர் ஹாலோ பண்ணை, ஆடு, மாடு, கோழி, பன்றி எல்லாம் இருக்கும், ஏற்றம் மிகக் குறைவு. பண்ணையோடு திரும்புகிறவர் புத்திசாலி. நாயைக் கூட்டிப்போனால் உள்பகுதியில் விடமாட்டார்கள். தெற்கே அல்மடன் குவிக்சில்வர் பார்க், 1840-களில் தொடங்கிய பாதரசச் சுரங்கம் இருந்த மலை. கலிபோர்னியா தங்க வேட்டைக்குத் தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் போனது இங்கிருந்துதான். அந்தப் பாதரசம் இன்னும் சுற்றியுள்ள நீர்த்தேக்கங்களின் மீன்களில் இருக்கிறது, பிடித்தால் தின்னாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். மீன் குழம்பு ஆசையை அங்கே காட்ட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், தொட்டால் தோல் கொப்புளிக்க வைக்கும் பாய்சன் ஓக் செடி. இதைப் பற்றி யாரும் புதியவர்களுக்குச் சரியாகச் சொல்வதில்லை. ஒரு காம்பில் மூன்று இலை, வசந்தத்தில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், கோடை முடியும்போது அழகான சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பறிக்கப் போகும். குளிர்காலத்தில் இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கும்போதும் அதன் எண்ணெய் வேலையைக் காட்டும். ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்தவர்களைப் பாட்டி காட்டியிருப்பார் அல்லவா, அதே குடும்பம்தான் இது. மாமரமும் முந்திரியும்கூட அந்தக் குடும்பத்தில்தான் சேர்த்தி, மாங்காய்ப் பால் பட்டால் உதடு வீங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பட்டதும் எரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதனால் வீட்டுக்கு வந்தவுடன் சந்தேகம் இருக்கிற இடத்தைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், பேன்ட்டையும் ஷூ லேஸையும் சேர்த்து. மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், எண்ணெய் போவதுதான் முக்கியம். முகத்திலோ கண் பக்கத்திலோ வீங்கினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உண்ணி உண்டு, புல்லில் உரசாமல் பாதை நடுவே நடங்கள், வந்ததும் முழங்கால் மடிப்பையும் பிள்ளைகளின் காது பின்புறத்தையும் பாருங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காலத்தில் பாதையில் படுத்திருக்கும், கல்லை எடுக்காமல் தள்ளி நின்று வழி விட்டால் அது பாட்டுக்குப் போய்விடும். மலைச்சிங்கத்தை நீங்கள் பார்ப்பது அபூர்வம். பார்த்தால் ஓடக்கூடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திக் கத்தியபடியே பின்வாங்க வேண்டும்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பம் முழுக்கக் கல்யாண ஊர்வலம் போல ஐந்து பேர் ஒரே வரிசையில் பாதையை அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். வலப்பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும். பின்னாலிருந்து சைக்கிள்காரர் 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் கொடுத்தால் அவர் இடப்பக்கமாகத் தாண்டுகிறார் என்று அர்த்தம், உங்களை இடப்பக்கம் தாவச் சொல்லவில்லை. குதிரை வந்தால் எல்லோரும் நின்று வழி விட வேண்டும். மிச்சமான சப்பாத்தியை வாத்துக்குப் போடுவது புண்ணியம் என்று மாமா சொன்னாலும் கவுண்டி பார்க்கில் அதற்குத் தடை இருக்கிறது. பூவும் கீரையும் பறிப்பதும் அப்படியே. புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு தடையும் இல்லை, பிக்னிக் மேசை பல இடங்களில் இருக்கிறது.

லேப்டாப் பையைக் காரில் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துப்போக அரை நிமிடம் போதும். கவுண்டி பார்க்குகள் காலை 8 மணி முதல் சூரியன் மறையும் வரைதான். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், ஆபீஸ் முடித்து நடக்கலாம் என்ற திட்டம் அதோடு சரி. அந்தக் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளுக்கு யூவாஸ் கேன்யன் கவுண்டி பார்க்கை வைத்திருக்கிறேன், ஒரு மைல் சுற்றில் அருவிகள், ஆனால் காரை நிறுத்த முன்பதிவு வேண்டும், மழை விட்ட வாரம் கிடைப்பது கஷ்டம், எனவே வானிலையைப் பார்த்துக்கொண்டே வார நடுவிலேயே பதிந்துவிடுங்கள்.