1000 துண்டு ஜிக்சா: ஓரச் சட்டம் சேரவில்லை, அட்டையும் உப்புகிறது (கியூர்பீப்)

மழைவீடு எழுதியது:

வணக்கம். மொரீஷியஸின் மலைப்பக்கத்து ஊரான கியூர்பீப்பில், சாப்பாட்டு மேசை மேல் 1000 துண்டு ஜிக்சா படப்புதிர் ஒன்று விரித்திருக்கிறோம். அட்டை வகைதான், முடிந்தால் 70 × 50 செ.மீ. வரும். மேல்பாதி வெறும் நீல வானம், கீழ்ப்பாதி துறைமுகமும் படகுகளும்.

முதல் சிக்கல் ஓரம். மூலைகளையும் சேர்த்து எண்ணினால் மேலே 38, கீழே 37, இடப்பக்கம் 27, வலப்பக்கம் 28. கீழ் விளிம்பில் ஒரு துண்டு அளவுக்கு ஓட்டை. கையில் ஓரத் துண்டு எதுவும் மிச்சமில்லை. ஒன்று தொலைந்துவிட்டதா?

இரண்டாவது, ஒரு வாரமாகத் தூறல் விடவில்லை. துண்டுகள் இறுகிப்போய், எடுத்தால் பக்கத்துத் துண்டும் சேர்ந்து வருகிறது. சிலவற்றில் படத்தாள் நுனியில் உரிகிறது. வெயிலில் காய வைக்கலாமா?

மூன்றாவது, அந்த வானம். 400 துண்டுக்கு மேல் ஒரே நீலம். முடித்த பிறகு பசை போட்டு மாட்டுவதா, பிரித்து வைப்பதா என்று வீட்டில் இரண்டு கட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓரத்துண்டு எழுதியது:

தொலையவில்லை. கணக்கே சொல்கிறது. நாலு பக்கத்தையும் கூட்டினால் 38 + 37 + 27 + 28 = 130. மூலைத் துண்டு ஒவ்வொன்றும் இரண்டு முறை எண்ணப்பட்டதால் 4 கழியுங்கள், 126. 38 × 27 அமைப்பில் ஓரத்துக்கு வேண்டியதும் அதே 126தான். அதாவது கீழ் விளிம்பில் இருக்க வேண்டிய ஒன்று வலப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் 38 × 27 வெட்டில் உண்மையில் 1026 துண்டு இருக்கும். 40 × 25 ஆக வெட்டினால்தான் சரியாக 1000. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலுமே ஓரம் 126தான். பல 500 துண்டுப் பெட்டிகள் 27 × 19, அதாவது 513 துண்டு, ஓரம் 88. ஓரத் துண்டுகளைப் பொறுக்கியதும் முதலில் எண்ணிவிட்டால் "ஒன்று குறைகிறதோ" என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி அந்தத் துண்டைப் பிடிப்பது. நீளமான இரும்பு ஸ்கேலை வலது விளிம்பின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். சரியாகப் பொருந்திய துண்டுகள் ஸ்கேலோடு ஒரே கோட்டில் நிற்கும். பொய்யாகப் பொருந்தியது தலைமுடி அளவாவது உள்வாங்கும், அல்லது துருத்தும். ஸ்கேலில் தெரியாவிட்டால் மூன்று மூன்று துண்டாகத் தூக்கி டார்ச்சுக்கு எதிரே பிடியுங்கள். உண்மையான இணைப்பில் வெளிச்சம் ஒரே சீரான மெல்லிய கோடாகக் கசியும். பொய் இணைப்பில், துண்டிலிருந்து துருத்தும் குமிழின் கழுத்துப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் தனியாகத் தெரியும்.

உங்கள் முதல் சிக்கலுக்கும் இரண்டாவதுக்கும் தொடர்பு உண்டு. காய்ந்த அட்டையில் தப்பான துண்டு லொடலொடவென்று ஆடும், விரலே காட்டிக்கொடுத்துவிடும். உப்பிய அட்டையில் சரியானதும் இறுக்கம், தப்பானதும் இறுக்கம். மலைப்பக்கத்து ஈரத்தில் விரலை நம்பாதீர்கள், கண்ணையும் வெளிச்சத்தையும் நம்புங்கள்.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

வெயில் வேண்டாம். ஓவனும் ஹேர் டிரையரும் வேண்டாம்.

அட்டையின் முகப்பில் மையும் வார்னிஷும் இருப்பதால் அந்தப் பக்கம் ஈரத்தை மெதுவாக வாங்கும். பின்பக்கம் வெறும் அட்டை, சீக்கிரம் குடிக்கும். பின்பக்கம் அதிகமாக விரிந்தால் துண்டின் ஓரங்கள் படத்தை நோக்கிக் கிண்ணம் போல் வளையும். திடீர்ச் சூட்டில் இதுவே தலைகீழாக, வேகமாக நடக்கிறது. பசை தாங்காமல் படத்தாள் நுனியில் எழும்புகிறது. வெயிலில் நிறமும் வெளுக்கும். ஆகவே மெதுவாகக் காய வைப்பதுதான் வழி.

மூடி இறுகப் பொருந்தும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் குவிக்காமல் பரப்புங்கள். நடுவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 150 கிராமைத் துணிப்பையில் கட்டி வைத்து மூடி இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஏன் 150? ஆயிரம் துண்டு அட்டை சுமார் அரைக் கிலோ. தூறல் வாரத்து ஈரத்திலிருந்து சாதாரண நிலைக்கு இறங்க, ஏறக்குறைய 25 கிராம் தண்ணீரை விட வேண்டும். 100 கிராம் ஜெல் அவ்வளவு வாங்கும், மிச்சம் டப்பாவின் காற்றுக்கும் கைக்காவலுக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஒரு சின்னப் பொட்டலம் இதில் எந்த மூலைக்கும் காணாது.

நிறம் மாறும் ஆரஞ்சு மணி வாங்கினால் பச்சையானதும் தட்டில் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். (ஜெல்லை மட்டும், துண்டுகளை அல்ல.) அலமாரிக்கென்று விற்கும் தண்ணீர் சேரும் டப்பாக்களைத் துண்டுகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு, உறிஞ்சிய ஈரம் உப்புத் தண்ணீராகவே நிற்கும். சாய்ந்தால் போச்சு. அரிசி போடும் யோசனை யாராவது சொல்வார்கள்: அரிசி கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், மாவு உதிரும், பூச்சி வரும்.

ஈரமானி ஒன்று மேசையருகே வைத்துவிடுங்கள். 45 முதல் 55 சதம் வரை நல்லது. 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை. உரிந்த நுனிக்குப் பல்குத்தியின் முனையில் எடுத்த வெள்ளைப் பசை ஒரு துளி, மேலே ஓவன் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள், அதன்மேல் கனமான புத்தகம், ஒரு மணி நேரம்.

---

நீலவானம் எழுதியது:

வானத்துக்கு வருகிறேன்.

நிறத்தில் தொடங்குங்கள், வடிவத்துக்கு அவசரமில்லை. "ஒரே நீலம்" என்பது பெரும்பாலும் விளக்கின் குற்றம். மஞ்சள் பல்பில் நீலச் சாயல்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள வெள்ளை எல்இடி, நிறக் காட்டு எண் (CRI, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல். அதைத் தலைக்கு மேல் தொங்கவிடாமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் வார்னிஷ் பளபளத்துக் கண்ணைக் கூசும். தெளிந்த வானம் உச்சியில் ஆழ்ந்த நீலம், அடிவானத்தை நெருங்க நெருங்க வெளுப்பு. துண்டுகளைத் தட்டில் முகம் மேலாகப் பரப்பி கைபேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த குவியல் மூன்று நான்கு சாயலாகப் பிரியும். அடர்ந்தவை மேல் வரிசைகளுக்கு, வெளுத்தவை துறைமுகத்துக்குப் பக்கத்தில்.

அதன் பிறகு ஒவ்வொரு சாயலுக்குள்ளும் வடிவம். குமிழ், குழி வைத்துப் பார்த்தால் ஆறே வகைதான்: நாலும் குமிழ், மூன்று குமிழ் ஒரு குழி, எதிரெதிரே இரண்டு குமிழ், அடுத்தடுத்து இரண்டு குமிழ், ஒரு குமிழ் மூன்று குழி, நாலும் குழி. எதிரெதிர் வகைதான் பொதுவாக மலிந்து கிடக்கும், அதற்குப் பெரிய தட்டு ஒதுக்குங்கள். பேக்கிங் தட்டு, பெட்டியின் மூடி, எதுவானாலும் சரி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடியதாக இருக்கட்டும்.

நிரப்பும்போது இடப்பக்கமும் மேல்பக்கமும் ஏற்கெனவே அடைந்த ஓட்டையை மட்டும் தேடுங்கள். இரண்டு பக்கம் தெரிந்தால் ஆறு வகையில் சில உடனே கழியும். தட்டின் ஒரு மூலையிலிருந்து வரிசையாக வைத்துப் பார்த்து, ஆகாததை மறு மூலைக்குத் தள்ளுங்கள். கண்டபடி எடுத்தால் ஒரே துண்டையே பத்துத் தடவை வைப்பீர்கள்.

உங்களுடையது 38 × 27 என்பதில் ஒரு பாதகம் உண்டு. 70 செ.மீ.யை 38ஆல் வகுத்தால் 18.4 மி.மீ., 50ஐ 27ஆல் வகுத்தால் 18.5. துண்டு கிட்டத்தட்ட சதுரம், எது மேல் எது பக்கம் என்று அளவை வைத்துச் சொல்ல முடியாது. 40 × 25 வெட்டில் 17.5க்கு 20, நீளவாக்கு கண்ணுக்கே தெரியும், சுற்றிப் பார்க்கும் வேலை பாதி. வானம் அதிகமுள்ள படம் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

---

மழைவீடு எழுதியது:

மிக்க நன்றி. வலப்பக்கத்தில் கீழிருந்து நான்காவது துண்டு, டார்ச்சில் மாட்டியது. ஓரம் மூடிவிட்டது.

இன்னொன்று. இங்கே ஒருவர் பழைய பெட்டிகள் விற்கிறார். துண்டு குறைகிறதா என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரியுமா? பசை விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

---

ஓரத்துண்டு எழுதியது:

தராசு உதவாது. ஒரு துண்டு அரை கிராம்தான். மேலே அட்டைப்பெட்டி சொன்ன கணக்கில் ஈரம் மட்டுமே 25 கிராம் ஏற்றும் இறக்கும். கடலோரம் காய்ந்து கிடக்கும் போர்ட் லூயிஸில் நிறுத்த பெட்டி உங்கள் ஊரில் துண்டே சேராமல் கனத்துவிடும். எண்ணத்தான் வேண்டும்: பத்துப் பத்தாகக் குவித்து, பத்துக் குவியல் சேர்ந்ததும் ஒரு பையில். இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை மணி, முக்கால் மணி வேலை. ஆனால் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், மற்றப் பெட்டிகளுக்கும் பரவும்.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

பசை போடுவதென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை உள்ள காய்ந்த நாட்களில் போடுங்கள். ஜிக்சாவுக்கென்று விற்கும் பசை வேண்டுமென்பதில்லை, காய்ந்தால் கண்ணாடிபோல் தெரியும் வெள்ளைப் பிவிஏ பசை போதும். 1000 துண்டுக்குச் சுமார் 50 மில்லி ஒரு பூச்சு. அதற்கு மேல் ஊற்றினால் தண்ணீர்ப் பசைதானே, அட்டை ஊறி அலை அலையாக எழும்பும்.

அடியில் பேக்கிங் தாள் விரியுங்கள், மெழுகுப் பூச்சுள்ள தாளும் ஆகும், செய்தித்தாள் ஆகாது. பசையை நடுவில் ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வெளிப்பக்கமாக இழுத்து வழித்துவிடுங்கள். இடுக்குகளில் இறங்கினால் போதும், முகப்பில் தங்கக் கூடாது. நாலைந்து மணி நேரம் காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துப் புரட்டி, பின்பக்கமும் அதே அளவு பூசுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் பசை சுருங்கும்போது ஒரு பக்கமாக இழுத்து வளைத்துவிடும். கடைசியில் பேக்கிங் தாள்களுக்கு நடுவே, பலகை மேல் பாரம் ஏற்றி ஒரு நாள்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் இரண்டு மி.மீ. அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவராக இருந்தாலும் சட்டத்தின் பின் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று ஓடும்.

---

நீலவானம் எழுதியது:

நான் பிரிக்கிற கட்சி. பசை போட்ட ஜிக்சா வெறும் சுவர்ப்படம், அதற்கு ஒரு போஸ்டர் வாங்கினால் மலிவு. பிரிக்கும்போது நாலு கால்பாகமாக நாலு ஜிப் பையில் போட்டால் அடுத்த முறை பிள்ளைகளுக்கு ஒரு பையாகக் கொடுக்கலாம். அவரவர் விருப்பம்.

சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. 80 × 60 செ.மீ.க்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு இரண்டு வாங்குங்கள். ஒரு போர்டின் மேல் ஜிக்சாவை அடுக்குங்கள், சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கடியில் தள்ளலாம். சுருட்டி வைக்கும் ஃபெல்ட் விரிப்பு நம் மலைப்பக்கத்துக்குச் சரிப்படாது: ஃபெல்ட்டும் ஈரம் பிடிக்கும், உப்பிய துண்டுகள் சுருட்டும்போது நுனி உரியும்.

புயல் பருவம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை. எச்சரிக்கை வந்ததும், அறை இன்னும் காய்ந்திருக்கும்போதே, இரண்டாவது போர்டை மேலே கவிழ்த்து, நாலு பக்கமும் கிளிப் மாட்டி, இடையில் 50 கிராம் ஜெல் பை ஒன்றை ஓரமாகச் செருகி, மொத்தத்தையும் கிளிங் ஃபிலிமால் மூன்று சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஜன்னல் அடைத்து ஒரு நாள் கழிந்த பிறகு சுற்றினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். மின்சாரம் போன பிறகும் அடுக்கத்தான் வேண்டுமென்றால் சார்ஜ் விளக்கு, மெழுகுவர்த்தி கூடாது. அட்டையில் மெழுகு சொட்டினால் அந்தத் துண்டை மீட்க முடியாது.