இதயச் செயலிழப்பா, இதய நலிவா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'ஹார்ட் ஃபெயிலியர்' (இதயம் துடித்துக்கொண்டே, உடலுக்குத் தேவையான இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நோய்) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்று பத்து நாளாக ஓடும் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்து வருகிறேன். தருமபுரியில் மருத்துவ மாணவர்களுக்குப் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். வார்டில் இந்த நோயைப் பார்க்காத நாளே இல்லை. அதனால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'இதயச் செயலிழப்பு' பத்திரிகைகளில் பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் முன்பு பணிசெய்த மருத்துவமனை ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். பென்னாகரம் பக்கத்துக் கிராமம், ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கால்களும் நீர்கோத்து, மெட்டி கழற்ற முடியாதபடி விரல் சதைக்குள் புதைந்து கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் உட்காரவைத்துப் பார்த்தபோது கழுத்துச் சிரையின் துடிப்பு காதுமடல் வரை ஏறியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம் என்றார். எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனையில் இதயம் ஒரு துடிப்புக்குத் தன்னிடமிருக்கும் இரத்தத்தில் 30 விழுக்காட்டைத்தான் வெளியே தள்ளியது. நல்ல இதயம் பாதிக்கும் மேலே தள்ளும். நீர் பிரிய ஊசி போட்டோம். ஐந்தாம் நாள் இரவு அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பயிற்சி மருத்துவர் ஒருவர் அச்சிட்ட தமிழ்த் தாளை மகனிடம் கொடுத்தார். மேலே பெரிய எழுத்தில் 'இதயச் செயலிழப்பு' என்று இருந்தது. மகன் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று மாலையே பங்காளிகளுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்திருக்கிறது. போகிற உயிர் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாகப் பார்த்துப் பார்த்து ஊட்டியிருக்கிறார்கள். உப்பு எந்த உடம்புக்கு ஆகாதோ அந்த உடம்புக்குள் பன்னிரண்டு நாள் உப்பு இறங்கியது. பதின்மூன்றாம் நாள் உதடு நீலம் பாரித்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பத் தூக்கி வந்தார்கள்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மகன்மீது எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அவர் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் படித்தார்.

வெடிகுண்டு செயலிழக்கச் செய்யப்பட்டது என்று எழுதுகிறோம். இனி அது வெடிக்காது என்று பொருள். சிறுநீரகச் செயலிழப்பு என்றால் டயாலிசிஸ் என்று ஊருக்கே தெரியும். செயலை இழந்துவிட்டது என்றால் கதை முடிந்தது என்பதுதான் தமிழ். அதைவிட ஆபத்து, செய்தித்தாள்கள் இதே சொல்லை இதயத் துடிப்பு நின்றுபோவதற்கும் எழுதுகின்றன. திடீரென்று யார் இறந்தாலும் 'மாரடைப்பு' என்கின்றன. மூன்று வெவ்வேறு நோய்நிலைகள் ஒரே குழப்பத்தில் கிடக்கின்றன.

மாணவர்களுக்கு இதை ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வைத்துத்தான் சொல்வேன். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மோட்டாருக்கு வரும் மின்கம்பியில் கோளாறு என்றால் அது மாரடைப்பு: இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபடுகிறது. மோட்டார் சட்டென்று நின்றுவிட்டால் அது துடிப்பு நிற்றல். அந்த நொடியே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை, கீழே வாய்க்காலில் தேங்கிக் கரை கசிகிறது என்றால் அதுதான் நாம் பெயர் தேடும் நோய். முன்னது இரண்டும் இதற்குக் காரணமாகவோ விளைவாகவோ வரலாம். ஆனால் இது நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து, கூடியும் குறைந்தும் போகும் ஒன்று. உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பில் வடுப்பட்ட தசை, சிறு வயதில் வந்த கீல்வாதக் காய்ச்சல் கெடுத்த வால்வு, குடி, பேறுகாலத்தை ஒட்டி வரும் தசை நோய் என்று எந்த வழியிலும் இங்கே வந்து சேரலாம்.

அரூர் தமிழாசிரியர் ஐயா 'மகோதரம்' என்ற பழைய சொல்லை மீட்கலாம் என்றார். ஐயாவின் ஆசை புரிகிறது. ஆனால் அது வயிற்றில் நீர் கோப்பதன் பெயர். கல்லீரல் கெட்டாலும் வயிறு அப்படித்தான் வீங்கும். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் எல்லா நீர்வீக்கத்தையும் 'டிராப்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்திருந்தார்கள். 1785இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்ததை எழுதி வெளியிட்டார். சிலருக்கு நீர் வடிந்தது, சிலருக்கு வடியவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றின் நோயும் கலந்து கிடந்தன. கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தை வைத்துப் பெயரிட்டால் நாமும் அங்கேதான் போய் நிற்போம்.

பிற மொழிகளையும் பார்த்தேன். பிரெஞ்சும் ஸ்பானியமும் தோல்வி என்று சொல்லவில்லை, 'போதாமை' என்று பொருள்படச் சொல்கின்றன. ஜெர்மானிய மருத்துவர்கள் போதாமை என்பார்கள். நோயாளியிடம் பேசும்போது 'இதயப் பலவீனம்' என்ற பொருளுடைய சொல் புழங்கும். கனடாவில் பல மருத்துவமனைகள் இதற்கான புறநோயாளிப் பிரிவுக்கு 'ஹார்ட் ஃபங்க்ஷன் கிளினிக்' என்று பெயர் வைத்திருக்கின்றன. நம் பக்கம்தான் நிலைமை மோசம்: கன்னடத்திலும் தெலுங்கிலும் 'வைஃபல்யம்', அதாவது தோல்வி. மாநில எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்திலிருந்து வரும் நோயாளி மூன்று மொழியிலும் அச்சத்தையே கேட்கிறார்.

'இதயப் போதாமை' பொருளில் மிகச் சரி. ஆனால் 'உங்கள் இதயம் போதவில்லை' என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். வைகிற மாதிரி இருக்கிறது.

'இதயத் தளர்ச்சி' பலருக்குப் பிடித்திருக்கிறது. காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் வகுப்பறையில் அது கெடுதல் செய்யும். துடிப்பின் இரண்டாம் பாதியில் இதயம் தளர்ந்து விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்வதைத் 'தளர்வு' என்றே கற்பிக்கிறோம். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்குச் சுருங்கும் வலு குறையவே இல்லை. சுவர் தடித்து விறைத்து, தளர வேண்டிய நேரத்தில் தளராததுதான் நோய். காய்ந்து விறைத்த தோல்பை விரிந்து கொடுக்காது; எவ்வளவு பலமாகப் பிழிந்தாலும் உள்ளே வாங்கியதுதானே வெளியே வரும்? தளர முடியாத இதயத்துக்குத் தளர்ச்சி நோய் என்று பெயர் வைத்தால் மாணவர் தேர்வுத்தாளில் தலைகீழாக எழுதுவார்.

என் பரிந்துரை 'இதய நலிவு'. முன்பே யாரேனும் ஆண்டிருந்தால் மகிழ்ச்சி, உரிமை கேட்கப்போவதில்லை.

நலிந்த ஆலை என்கிறோம். அது மூடிய ஆலை இல்லை. சங்கு ஊதுகிறது, ஆட்கள் உள்ளே போகிறார்கள், உற்பத்தி மட்டும் சரிந்திருக்கிறது. அதை மீட்கலாம் என்ற நினைப்பும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை என்றால் அவர்கள் கலைஞர்களாகவே இருக்கிறார்கள். நலிவுக்கு ஏற்றத்தாழ்வு உண்டு: சற்றே நலிந்தது, மிக நலிந்தது என்று சொல்லலாம். செயலிழப்பில் அந்தப் படிகள் இல்லை.

கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. இடப்பக்க இதய நலிவு, வலப்பக்க இதய நலிவு, திடீர் நலிவு, நாட்பட்ட நலிவு. ஒரு துடிப்புக்கு வெளித்தள்ளப்படும் பங்கை 'உந்துவிகிதம்' என்று வைத்துக்கொண்டால், அது 40 அல்லது அதற்குக் கீழே இருப்பது 'உந்துவிகிதம் குன்றிய இதய நலிவு'. 50 அல்லது அதற்கு மேலே இருப்பது 'உந்துவிகிதம் குன்றா இதய நலிவு'. இடைப்பட்டதற்கு 'சற்றே குன்றிய'. குன்றிய, குன்றா என்ற இணை நம் மொழி தானாகவே தருவது. ஆங்கிலத்தில் இதற்கு நீளமான தொடர்கள் வேண்டியிருக்கின்றன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இழையை விட்டு விலகினாலும். கலைச்சொல்லுக்கு நாம் காட்டும் கவனத்தை நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கும் காட்ட வேண்டும். படுத்தால் வரும் மூச்சுத்திணறலை அளக்க எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கப் பாடப்புத்தகம் சொல்லித்தருகிறது. சித்தேரி மலையிலிருந்து வந்து, பாயில் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவரிடம் என் மாணவர் இதைக் கேட்டார். 'தலையணையே இல்லை' என்று பதில் வந்தது. திணறல் இல்லை என்று குறித்துக்கொண்டார். அவரோ இரவெல்லாம் குந்தியிருந்தவர். மாடிப்படி ஏறும்போது இரைக்கிறதா என்ற கேள்வியும் அப்படித்தான். குடத்துத் தண்ணீரோடு நடக்க முடிகிறதா, களையெடுக்கும்போது நடுவில் உட்கார்ந்துவிடுகிறீர்களா என்று கேட்டால் ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து.

—

நண்பர்களுக்கு,

மூன்று நாளில் வந்த மறுமொழிகளுக்கு நன்றி. கிருஷ்ணகிரியிலிருந்து மருத்துவ மாணவி ஒருவர் கேட்டதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

> நலிவு என்றால் மெலிவுதானே? சுவர் தடித்த இதயத்துக்கு நலிவு எப்படிப் பொருந்தும்? தளர்ச்சிக்கு நீங்கள் சொன்ன குறை இதற்கும் வராதா?

நல்ல கேள்வி, தங்கையே. நலிதல் என்பதில் மெலிவும் உண்டு, வருந்துதலும் துன்புறுதலும் உண்டு. உடல் பருத்தவரும் நோயால் நலியலாம். தளர்ச்சி ஒரு குறிப்பிட்ட இயக்கத்தைச் சுட்டுகிறது. நலிவு நிலையைச் சுட்டுகிறது. எந்த வகையில் கெட்டது என்பதை முன்னால் நிற்கும் அடைமொழி சொல்லிக்கொள்ளும்.

ஓசூர் மருந்தாளுநர் அம்மா, 'நோயாளியிடம் சொல்லிப் பார்த்தீர்களா' என்று கேட்டிருந்தார்கள். நேற்றுச் சொன்னேன். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றி அனுப்புகிறவர், அறுபது வயது. 'உங்கள் இதயம் நலிந்திருக்கிறது' என்றேன். சற்று நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, 'தேறுமா?' என்று கேட்டார்.

செயலிழப்பு என்று சொன்ன இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். உப்பு, தினமும் காலையில் எடை பார்ப்பது, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வருவது, நான்கு வகை மாத்திரைகளில் எது எதற்கு என்று எல்லாம் கேட்டுக்கொண்டார்.

இதில் இன்னொரு சொல்லுக்கான தேவை வந்துவிட்டது. சிலருக்கு மருந்தால் உந்துவிகிதம் 40ஐத் தாண்டி ஏறிவிடுகிறது. 'தேறிவிட்டது' என்று சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பலருக்கு மறுபடி இறங்குகிறது. 2021இல் வெளிவந்த, இந்த நோய்க்கான உலகளாவிய வரையறையும் குணமானது என்று சொல்லாமல் நோய் அடங்கியிருக்கிறது என்ற பொருளில் சொல்லவே பரிந்துரைக்கிறது. 'தணிந்த இதய நலிவு' என்று வைக்கலாமா? தணல் போல உள்ளே இருக்கிறது, ஊதினால் எழும் என்ற எண்ணம் அதில் வருகிறதா? அரூர் ஐயாவின் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் புதிய தாளை வரும் வாரம் அச்சுக்குக் கொடுக்கிறேன், அதற்குள் எழுதிவிடுங்கள்.