ஆயர் ஈத்தாம் பி புளோக் குடியிருப்பாளர்கள் குழு

குமுதா: அனைவருக்கும் வணக்கம். கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் தொற்றியிருக்கும் பெரிய செடிகளைச் சனிக்கிழமை ஆள் வைத்து வெட்டலாமா? மரத்தின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். இலைக்கு அடியில் பழுப்புக் கோடுகளாக நோயும் பிடித்திருக்கிறது, படத்தைப் பாருங்கள்.

ராஜு: வெட்டிவிடலாம் அக்கா. மருந்தும் அடிக்கலாம்.

பார்வதி டீச்சர்: வேண்டாம் ராஜு, பொறுங்கள். அது நோய் இல்லை. அது பறவைக்கூட்டுப் பெரணி. பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது. அந்தக் கோடுகளில்தான் அதன் ஸ்போர்கள், அதாவது விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்துகள்கள், இருக்கின்றன. இப்படி நரம்பை ஒட்டி நீளமாக ஓடும் கோடுகள்தாம் ஆஸ்பிளேனியம் பேரினத்தின் அடையாளம். வேறு பல பெரணிகளில் வட்டப் புள்ளிகளாக இருக்கும்.

பார்வதி டீச்சர்: மரத்தின் சத்தையும் அது எடுப்பதில்லை. வேர் பட்டையைப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். மேலிருந்து விழும் சருகை ஏந்தி மட்கவைத்து, அதிலேயே பிழைக்கிறது.

திவ்யா: டீச்சர், நர்சரியில் அலை அலையான இலையோடு விற்கிறார்களே, அதுவும் ஆஸ்பிளேனியமா?

பார்வதி டீச்சர்: ஆமாம் திவ்யா. உலகில் ஏறக்குறைய 700 இனங்கள். ஐரோப்பாவில் பழைய சுவர் இடுக்கில் விரல் நீளமே வளரும் இனமும் உண்டு. நியூசிலாந்தில் ஒன்று இலைமேலேயே குட்டிச் செடிகளை வளர்த்து உதிர்க்கிறது. வட அமெரிக்காவில் ஒன்றின் இலைநுனி தரையைத் தொட்டால், அங்கேயே வேர்விட்டுப் புதுச் செடியாகிறது. அப்பலாச்சியன் மலைகளில் அந்த இனம் இன்னும் இரண்டு இனங்களோடு கலந்தது. பிறந்த கலப்புகள் மலடு. ஆனால் சிலவற்றில் குரோமோசோம்கள் இரட்டித்ததும் நல்ல ஸ்போர்கள் உருவாகி, அவை தனி இனங்களாகவே நிலைத்துவிட்டன! வாரன் வாக்னர் என்ற தாவரவியலாளர் 1954இல் இதை விளக்கினார். இந்தப் பேரினத்தில் இத்தனை வகைகள் இருப்பதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

திவ்யா: சந்தையில் சமைக்க வாங்கும் பெரணித் தளிர், பூச்சோக் பாக்கு, அதுவுமா?

பார்வதி டீச்சர்: அது டிப்ளாசியம், வேறு பேரினம். தைவானில் பறவைக்கூட்டுப் பெரணியின் தளிரையும் சமைக்கிறார்கள். நம் மரத்தில் கைவைக்காதீர்கள், கண்ணு.

ராஜு: டிங்கிக் கொசு வராதா டீச்சர்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பார்வதி டீச்சர்: நல்ல கேள்வி. அதன் நடுவில் இருப்பது மட்கு. மழைநீரை அது உறிஞ்சிக்கொள்கிறது, குளம்போல் தேங்கவிடுவதில்லை. அங்கே வாழ்வது எறும்பு, கரையான் போன்றவை. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டில் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இந்தப் பெரணிகளுக்குள் இருப்பவற்றைச் சேர்த்ததும், மர உச்சிச் சிற்றுயிர்களின் மொத்த எடைக் கணக்கே இரட்டிப்பானதாம். வெட்டினால் அத்தனையும் தெருவில் கொட்டும்.

குமுதா: எல்லாம் சரி டீச்சர், காய்ந்த கிளையில் ஒன்று தொங்குகிறதே? கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பார்வதி டீச்சர்: அதை இறக்கத்தான் வேண்டும். மழையில் ஊறினால் மிகவும் கனக்கும். மட்கு சிதறாமல் கயிறு கட்டி இறக்கி, வேலியோர மாமரத்தின் அடிமரத்தில் கட்டிவிடுங்கள், வேர் பிடித்துக்கொள்ளும். மற்றவை இருக்கட்டும்.

ராஜு: என்னிடம் ஏணி இருக்கிறது. சனிக்கிழமை காலை 8 மணிக்கு வருகிறேன். மருந்து வேண்டாம்.

குமுதா: சரி, அந்த ஒன்று மட்டும். அந்தக் கிளைக்குக் கீழே நிற்கும் வெள்ளை மைவி கார் யாருடையது? வெள்ளிக்கிழமை இரவே நகர்த்திவிடுங்கள்.