‘பகிடி’ வேண்டாம், ‘எள்ளல்’ இருக்கட்டும்

அன்பின் சேர், மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

ஆளை மட்டந்தட்டிச் சிரிக்கிற பேச்சுக்கு உளவியல் சொல்லட்டவணையில் ‘பகிடி’ என்றே போடலாம், சனத்துக்கு விளங்கும் என்று எழுதியிருந்தீங்க. விளங்கும்தான். ஆனால் எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் பகிடி, அதாவது கேலிப்பேச்சு, பாதி உறவு. மச்சான்மார் பகிடி விடாமல் இருந்தால்தான் ஏதோ மனக்கசப்பு என்று ஊர் நினைக்கும். அந்தச் சொல்லைக் கடுமையான இடத்தில் வைத்ததால் வந்த வினைக்குப் ‘பகிடிவதை’ (புதிய மாணவரை மூத்தவர்கள் வதைக்கிற ராகிங்) சாட்சி. இலங்கையின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைச் சிறைக்குரிய குற்றம் என்கிறது. பிடிபட்டவரோ “சும்மா பகிடிக்குத்தான்” என்கிறார். சொல்லே அவருக்குச் சட்டத்தரணி.

‘நளினம்’ எங்கட வாயில் நல்ல குத்தல். தமிழ்நாட்டாருக்கு அது நடனத்தின் அழகு. சரிவராது.

நான் கேட்பது ‘எள்ளல்’. உணர்ச்சிகள் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை (சிரிப்பு) பிறக்கும் நான்கு களங்களில் முதலாவது அதுதான். இளமை, பேதைமை, மடன் பிறகு. குறள் 667இல் ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்னும்போது சிரிப்புக்கூட இல்லை, இளக்காரம் மட்டும். எங்களுக்கு வேண்டியதும் அந்த இளக்காரம்தானே?

‘ஏளனம்’ வினையாக ‘செய்’ துணைக்கு வரவேணும். இதிலே எள்ளுரை, எள்ளுநர், எள்ளப்படுவோர் என்று தானாகவே கிளை விடும். (எள்ளுருண்டை ஞாபகம் வருதாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஒருக்காச் சிரிச்சிட்டு விடுங்க தம்பி, ‘எள்ளி நகையாடினார்’ என்று பத்திரிகையில் இன்னும் வருதுதானே.)

மறுகா, புகழ்வதுபோல் குத்துவதை இதற்குள் அடைக்க வேண்டாம். புறநானூறு 95இல் ஔவையார் தொண்டைமானுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல்மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். இளக்காரமாய் ஒரு சொல் இல்லை, ஆனாலும் தொண்டைமான் போரே காணாதவன் என்று தெரிந்துவிடுகிறது. இப்படிக் கரந்து சொல்வதற்குத் தொல்காப்பியம் ‘பழிகரப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் ‘வசை’. பின்னூட்டங்களைக் கணினியில் வகைபிரிக்கிற பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிப்பு உதவும்.

ஆகவே எள்ளல் தலைச்சொல், ஏளனம் பக்கத்தில், பழிகரப்புக்குத் தனி வரி. 1936இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவிலிருந்து எழுதுறன், கொஞ்சம் அடம்பிடிக்க உரிமை உண்டு. மறுப்பிருந்தால் எழுதுங்க. முன்பு பேசிய ‘நையாண்டி’ என்ற சொல்லை மட்டும் திரும்பக் கொண்டுவராதீங்க, அது மேளகாரருக்கே இருக்கட்டும்.