கணினி கேபினட் ஃபேன் இரைச்சலை நாமே அடக்கிய அனுபவங்கள்

காட்பாடி:
வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்317 ஐசி, அளவைத் திருகி மாற்ற ஒரு வால்யூம் கன்ட்ரோல், ஒரு ரெசிஸ்டர்: எல்லாருக்கும் தெரிந்த சுற்றுதான், அதற்குமேல் விளக்கப் போவதில்லை. தங்கை தேர்வுக்குப் படிக்கிற அறையிலேயே கணினியும் இருப்பதால் 12 வோல்ட் ஃபேனை ஐந்தரைக்கு இறக்கி வைத்திருந்தேன். இரைச்சல் அடங்கிவிட்டது. மே மாத மதியம் ஒன்றில் மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் அவள் கணினியை இயக்கினாள். நான் எதேச்சையாகப் பக்கத் தகட்டைக் கழற்றியிருந்தேன். ஃபேன் ஓடவில்லை. நின்றது என்றும் சொல்ல முடியாது. இறக்கை அரை விரற்கடை முன்னே போவதும் அதே அளவு பின்னே வருவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. விரலால் லேசாகத் தள்ளியதும் சுழன்றுவிட்டது. அதே ஐந்தரை வோல்ட்டில் காலை முழுவதும் ஒழுங்காக ஓடிய ஃபேன் அது. தகடு மூடியிருந்தால் அந்த வெயிலில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ராணிப்பேட்டை:
ஓடுகிற ஃபேனுக்குப் போதுமான வோல்ட், நிற்கிற ஃபேனைக் கிளப்பப் போதாது. வால்யூம் கன்ட்ரோலோடு தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். சுற்றில் ஏற்கெனவே உள்ள ரெசிஸ்டர் 240 ஓம் என்றால், திருகை எவ்வளவு குறைத்தாலும் ஏறக்குறைய ஆறரை வோல்ட்டுக்குக் கீழே போகாது. ஆனால் என்னைக் கேட்டால் எல்எம்317-ஐயே கழற்றிவிடச் சொல்வேன். அது தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. முழுக்கத் திருப்பினாலும் ஃபேனுக்குக் கிடைப்பது பத்துதான். அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் முழு வேகம் வேண்டாமா?

நான் நான்கு கம்பி ஃபேனுக்கு மாறிவிட்டேன். 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போகிறது. வேகத்தைச் சொல்வது நான்காவது கம்பி மட்டுமே. அதற்கு 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை ஆர்டுயினோ நானோ என்ற சிறிய நிரல் பலகை கொடுக்கிறது. ஒருநாள் தூசி தட்டும்போது அந்தக் கம்பி கழன்றுவிட்டது. அடுத்த நொடியே ஃபேன் முழு வேகத்தில் அலறியது. அலறியதே எனக்குப் பெரிய நிம்மதி. பழுது என்றால் நிற்காமல் ஓடுகிற பொருளைத்தான் நம்ப முடியும்.

குடியாத்தம்:
ராணிப்பேட்டை நண்பர் சொல்வது புதுக் கணினி வைத்திருப்பவருக்குச் சரி. கடைகளில் இன்னும் இரண்டு கம்பி, மூன்று கம்பி ஃபேன்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? எல்எம்317-ஐக் கழற்றச் சொல்வது எளிது.

திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை ஒன்றுக்கு துடிப்பை உண்டாக்க 555 ஐசியும், அந்தத் துடிப்புக்கேற்ப ஃபேனுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்க மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சும் வைத்துச் செய்துகொடுத்தேன். துடிப்பு சில நூறு ஹெர்ட்ஸ். காற்றிரைச்சல் போனது, அதற்குப் பதிலாக ஃபேன் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தது. கடைக்காரருக்குக் கேட்கவில்லை. பேத்தியின் பத்திரிகைக்குப் பிழை பார்க்க வந்த பாட்டி, பெயர்களைப் படிப்பதை நிறுத்திவிட்டு, "உள்ளே ஏதோ பூச்சி மாட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள் தம்பி" என்று கேபினட்டைக் காட்டினார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்! கெபாசிட்டரைச் சிறியதாக மாற்றித் துடிப்பை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றியதும் அந்தக் குரல் போய்விட்டது. அந்தப் பாட்டி திரும்ப வந்து கேட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்றும் ஆசை.

ஆம்பூர்:
என் அனுபவம் சிறியது. மின்வழங்கியின் 12 வோல்ட் மஞ்சள் கம்பிக்கும் 5 வோல்ட் சிவப்புக் கம்பிக்கும் நடுவே ஃபேனைப் போட்டு 7 வோல்ட் எடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

ஆனால் எல்லாரும் சுற்றிலேயே நிற்கிறீர்கள். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நடுவிலுள்ள வட்டத்தை விரலால் ஒரு கணம் அழுத்தி ஃபேனை நிறுத்துங்கள். சத்தம் போகவில்லையா? அப்படியானால் அது ஹார்ட் டிஸ்க், அல்லது மின்வழங்கிக்குள் இருக்கும் ஃபேன். மின்வழங்கியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அடுத்து அதிர்வு. திருகுகளை எடுத்துவிட்டு ரப்பர் ஆணிகளால் ஃபேனைப் பிடித்துப் பாருங்கள், தகட்டின் உறுமல் குறையும். பிறகு தூசி. நெடுஞ்சாலை ஓர வீடுகளில் வடிகட்டி எவ்வளவு விரைவில் அடைத்துக்கொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். காற்று புகாத பெட்டியில் ஃபேனை மெதுவாக ஓட்டி என்ன பயன்? இன்னொன்று: சிறிய ஃபேன் வேகமாகச் சுழல்வதைவிடப் பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்று அதே காற்றைத் தரும். 80 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் 120 பொருந்துமா என்று அளந்து பாருங்கள், சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டியிருக்காது.

ராணிப்பேட்டை:
ஆம்பூர் அண்ணா, 7 வோல்ட் முறையில் ஃபேனின் மின்னோட்டம் 5 வோல்ட் பாதைக்குள்தான் திரும்பிப் போகிறது. அந்தப் பாதையில் வேறு சுமை போதாவிட்டால் அதன் அழுத்தம் ஏறிவிடும். நீண்ட நாள் ஓடியது என்பதற்காக மற்றவருக்குச் சொல்லாதீர்கள்.

குடியாத்தம் நண்பருக்கு: மூன்று கம்பி ஃபேனில் தரைக் கம்பியின் இணைப்பை மாஸ்ஃபெட்டால் விட்டு விட்டுக் கொடுத்தால், சுழற்சி வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும் வேகமானி சிக்னலும் சேர்ந்தே வெட்டுப்படும். மதர்போர்டு காட்டுகிற சுழற்சி எண்ணை அங்கே நம்ப வேண்டாம்.