நெஞ்சுக்குள்ள சோறு நிக்குது: அம்மாவுக்கு பலூனா, போயமா?

கோவில்பட்டி செல்வி:
அம்மாவுக்கு 56 வயசு. ரெண்டு வருஷமா ஒரு வாய் சோத்துக்கு ஒரு மடக்குத் தண்ணி. ராத்திரி படுத்தா சாப்பிட்டது அப்படியே தலையணைக்கு வந்துரும், புளிப்புகூட இருக்காது. கேஸ்னு மாத்திரை கொடுத்தாங்க. எண்டோஸ்கோபியில ஒண்ணுமில்லன்னாங்க. 11 கிலோ குறைஞ்ச பிறகுதான் பேரியம் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. உணவுக்குழாய் அடியில குருவி மூக்கு மாதிரி ஒடுங்கியிருக்கு. குழாயோட அழுத்தத்தை அளக்குற மேனோமெட்ரியில அக்கலேசியான்னு வந்துச்சு, அதாவது குழாயோட அடிவாய் திறக்காம இறுகிக்கிற நோய்; அதுல டைப் 2. பந்தியில உக்கார வெக்கப்பட்டு அம்மா கல்யாண வீட்டுக்கே போறதில்ல. பலூன் வச்சு ஒடுங்கின இடத்தை விரிக்கலாம், இல்ல எண்டோஸ்கோபி வழியாவே தசையை வெட்டுற போயம் (POEM) செய்யலாம்னு டாக்டர் சொல்றார். எதுக்குச் சம்மதிக்க?

முருகன்73:
தங்கச்சி, நான் போயம் செஞ்சு நாலு வருஷமாச்சு. முந்தின ரெண்டு நாளும் தண்ணி ஆகாரம்தான். குழாயில சோறு தங்கியிருந்தா மயக்கத்துல நுரையீரலுக்குப் போயிரும், அதுல விளையாடாதீங்க. வயித்துல ஒரு தழும்பு கிடையாது. மறுநாள் மருந்து குடிக்க வச்சு கசிவு இல்லைன்னு பார்த்துட்டு இளநீர் கொடுத்தாங்க. அந்த இளநீர் நிக்காம இறங்கினப்போ அழுதுட்டேன்.

எண்டோஸ்கோபி நர்ஸ்:
போயத்துல உணவுக்குழாயோட உள்தோலை ரெண்டு செ.மீ. போல கீறி, தோலுக்கும் தசைக்கும் நடுவுல சுரங்கம் மாதிரி போய், திறக்காம இறுகின தசையை வெட்டுவாங்க. கீறலைக் கிளிப் போட்டு மூடுவாங்க, கிளிப் தானா விழுந்துரும். ஜப்பான்ல டாக்டர் இனோவே 2008-ல மனுஷங்களுக்கு முதல்ல செஞ்சது இது. 2019-ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு வருஷம் கழிச்சு நல்லா இருந்தவங்க போயத்துல 92 சதவீதம், பலூன்ல 54. ஆனா அமிலம் மேல ஏறிப் புண்ணாகறது போயத்துலதான் ரொம்ப அதிகம். அதை டாக்டர்கிட்ட விட்டுராம பேசுங்க. டைப் 2 எல்லா வைத்தியத்துக்கும் நல்லாக் கேக்கும், பயப்படாதீங்க.

முருகன்73:
அவங்க சொல்றது சரி. காலைல வெறும் வயித்துல அமிலத்தைக் குறைக்கிற பேன்டோப்ரசோல் மாத்திரை போடுறேன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்ள. கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல் வச்சிருக்கேன்.

கோவில்பட்டி செல்வி:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னா: பழைய சோறு எத்தனை நாள் கழிச்சுச் சாப்பிட்டீங்க?

முருகன்73:
மூணாவது வாரம், நல்லா மசிச்சு மோர் விட்டு. தண்ணி குடிக்காமலே இறங்கிச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.