தொல்லியல் படிக்க பி.ஏ.வில் என்ன எடுக்கலாம்? (பாலக்காடு)

கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ முடிச்சாச்சு, தமிழ் மீடியம், ஹியூமானிட்டிஸ். தொல்லியலுக்குப் போகணும். பக்கத்துக் கல்லூரிகள்ல தொல்லியல்னு தனியா பட்டம் கண்ணுல படலை. வரலாறு எடுத்தா போதுமா? தமிழ் எடுத்தா வழி அடைஞ்சிடுமா? அகழாய்வுக் குழியில புதுசா வர்ற பிள்ளைகளுக்கு என்ன வேலை குடுப்பாங்க, இப்பவே எதைப் பழகலாம்?

வட்டெழுத்து:
பட்டத்தின் பெயருக்காக மண்டையை உடைச்சுக்காதீங்க. தொல்லியலாளர் வேலைக்கு முதுகலைதான் கணக்கு. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் ஜுனா கட்டியா ஈமக்காட்டை அகழ்ந்தது அவர்கள்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் ஒரே துறை. புனே டெக்கான் கல்லூரியும் உண்டு.

பி.ஏ.வுக்கு வரலாறு நேர்வழி. தமிழ் எடுத்தாலும் கதவு மூடாது. மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுகலை டிப்ளமோவுக்கு 2020இல் வந்த அறிவிப்பில் மொழிகள் பட்டியலில் தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே சேர்த்தார்கள். ஆனால் அதற்கும் எம்.ஏ. வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டம் என்பதால் வரலாறு மேஜர், தமிழ் மைனர் என்று கேட்டுப் பாருங்கள். புவியியலோ மண்ணியலோ கிடைத்தால் இன்னும் நல்லது.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இங்கே ஒரு கூடுதல் பலம் உண்டு. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு உட்பட கேரளத்தின் பழைய ஆவணங்களில் நிறைய வட்டெழுத்தில்தான் இருக்கின்றன. முதல் வருஷத்திலேயே அந்த எழுத்தைக் கற்றுவிடுங்கள்.

ரசமட்டம்:
முதல் வேலை தோண்டுவது இல்லைம்மா. பானை ஓடு கழுவுவது, சீட்டு எழுதுவது, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் குழியின் மானம் போவதும் நிற்பதும் இந்த மூன்றில்தான்.

சீட்டு: இடத்தின் சுருக்கக் குறி, குழி எண், மண்ணடுக்கு, ஆழம், தேதி. பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை ஈர ஓட்டோடு சேர்ந்தால் கரைந்துவிடும். பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. சீட்டு தொலைந்த ஓடு குப்பைக்குச் சமம்.

குழி குறிப்பது: 5 மீட்டர் சதுரம். நான்கு பக்கமும் அளந்துவிட்டு மூலைவிட்டம் இரண்டையும் பாருங்கள், 7.07 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் வரப்பு (தோண்டாத ஓரம்) விட்டால் தோண்டும் இடம் 4 × 4.

குழிச்சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை வரைவது இதைவிட முக்கியம். நூலைக் கிடைமட்டமாகக் கட்டி, ரசமட்டத்தை நூலின் நட்டநடுவில் மாட்டணும். ஓரத்தில் மாட்டினால் நூலின் தொய்வு பொய் சொல்லும். பிறகு 20 செ.மீ.க்கு ஒரு தடவை மேலும் கீழும் அளந்து கிராஃப் தாளில் 1:20இல் போடுங்கள். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ., ஆக 4 மீட்டர் சுவர் 20 செ.மீ.யில் அடங்கும். காலையிலேயே வரைந்துவிடுங்கள். வெயில் ஏறி மண் காய்ந்தால் அடுக்குகளின் நிற வேறுபாடு மங்கிவிடும். அப்போது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கணும்.

வீட்டில் பழக: 4 அங்குலக் கூர்முனைக் கரணை (பற்றவைத்தது வேண்டாம், ஒரே இரும்பில் அடித்தது), தூக்குக்குண்டு, நூல், 5 மீட்டர் டேப். கொல்லைச் சுவரை 1:20இல் வரைந்து பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பொண்ணு:
ரொம்ப நன்றிங்க அண்ணா. எங்க பக்கம் கரிசல் மண்ணு. அதனால ஏதாவது சிக்கல் வருமா?

ரசமட்டம்:
வரும், நிறையவே. கரிசல் கோடையில் வெடிக்கும். மேலடுக்குப் பாசிமணி, ஓட்டுச்சில், கரித்துண்டு எல்லாம் அந்த வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். மழைக்கு மண் உப்பி மூடிக்கொண்டால் வெடிப்பு இருந்த சுவடே தெரியாது. கீழடுக்கில் கிடைத்த கரியைக் கரிமக் காலக்கணிப்பு ஆய்வுக்கு அனுப்பினால் காலம் உண்மையைவிடப் பிந்தியதாக வந்து ஏமாற்றும். அதனால் ஒற்றைக் கரித்துண்டை நம்பக் கூடாது. அடுப்புக்குள்ளோ மூடிய கலத்துக்குள்ளோ கிடைப்பதை எடுக்கணும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியணும். பஞ்சும் காகிதமும் ஆகாது, அதுவும் கரிமம்தான். மரக்கரியைவிடத் தானியம் மேல்: வைரம் பாய்ந்த மரத்தின் உள்பகுதி, வெட்டப்பட்ட நாளுக்கு நூறு வருஷம் முந்தியதாக இருக்கலாம், நெல் ஒரே பருவத்துப் பொருள்.

மேற்கே செம்பூரான்கல் பகுதிக்குப் போனால் வேறு தலைவலி. மண் புளிப்பு, எலும்பு கரைந்துபோகும். ஈமத்தாழிக்குள் எலும்பு இல்லை என்பதை வைத்து யாரையும் அடக்கம் செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

வட்டெழுத்து:
ஒன்று விட்டுப்போச்சு. அனுமதி இல்லாமல் எங்கேயும் தோண்டிப் பழகாதீங்க, சட்டப்படி குற்றம். தென்னைக்குக் குழி எடுக்கும்போதோ ஜேசிபி ஓடும்போதோ நன்னங்காடி (ஈமத்தாழி) வெளிப்பட்டால் தூக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவும் வேண்டாம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, செல்போனில் இடக்குறிப்பு எடுத்து (சில மீட்டர் பிசகும், பக்கத்துக் கிணறோ மைல்கல்லோ எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள்), வில்லேஜ் ஆபீசில் சொல்லுங்கள். பழனி அருகே பொருந்தலில் கி.மு. 490 என்ற காலக்கணிப்பு வந்தது கல்லறைக் கலத்துக்குள் இருந்த நெல்லிலிருந்துதான். ஊர்க்காரர்கள் புதையல் தேடி முதலில் கொட்டுவதும் அந்த உள்மண்ணைத்தான்.